இறங்கும்போது எப்படி இருக்கிறது?

முதல் செமஸ்டர் தொடங்கிவிட்டால் நம் கல்லூரியில் எங்கே திரும்பினாலும் எலுமிச்சம்பழ வாசனைதான். கீழே இருந்து மலையடிவாரத்துக் காரவள்ளி வழியாக பஸ்ஸில் ஏறி வரும் புதுப் பிள்ளைகள் கொண்டை ஊசி வளைவுகளில் வதங்கி, முகம் வெளுத்து, கைக்குட்டைக்குள் ஒரு பழத்தைப் பொத்திக்கொண்டு வகுப்புக்குள் நுழைவார்கள். சீனியர்கள் இதற்கென்றே வாசலில் காத்திருந்து, "காலைல என்ன டிபன்? ஊட்டுல தின்னதக் கேக்கல, பஸ்ஸுல கக்கினதக் கேக்கறேன்" என்பார்கள். மூன்று நான்கு வாரத்தில் வயிறு பழகிவிடும். பழகாதவன் முன் சீட்டுக்கு மாறுவான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. நீங்களும் இந்த வளைவுகளில் ஏறி வந்துதான் வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள்.

மாணவர் நலப் பொறுப்பு இந்த வருடம் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். வாழ்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாரும் கேட்டு வாங்குகிற பொறுப்பல்ல அது. நான் வேதியியல் நடத்த வந்தவள். ஒரு கூட்டத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன், திரும்பி வருவதற்குள் என் பெயரைப் போட்டுவிட்டார்கள். பிறகு ஓய்வு பெறும்வரை அது என்னோடுதான் இருந்தது. அதில் ஒரு பையனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பெயரை மாற்றிக் கவின் என்று வைத்துக்கொள்வோம்.

கவின் காரவள்ளிப் பையன். அப்பாவுக்குக் கட்டடங்களில் சென்ட்ரிங் வேலை. பள்ளியில் முதல் மதிப்பெண், இயற்பியலில் இடம், மெலிந்த உடம்பு, யாரைப் பார்த்தாலும் வணக்கம். புதியவர்களுக்காக நாம் வருடா வருடம் நடத்தும் மனவலிமைக் கருத்தரங்கில் நன்றியுரை சொன்னது அவன்தான். அந்த வருடம் வந்த பேச்சாளர் பாறை மாதிரி இருக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் முழங்கினார். பாறைக்குப் பசிக்காது, பரீட்சையும் கிடையாது என்று நான் பின் வரிசையில் முணுமுணுத்தேன். கவின் முன் வரிசையில் உட்கார்ந்து பலமாகக் கைதட்டினான். நல்ல பையன், நமக்குக் கவலை வைக்க மாட்டான் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டோம்.

அவனுக்கு பஸ் ஒத்துக்கொள்ளவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் பழகிவிட்ட பிறகும் அவனுக்கு மட்டும் தினமும் வாந்தி. முதல் வகுப்பில் தலையைக் கவிழ்த்துக் கிடப்பான். கேட்டால் "வளைவு சுத்திருச்சுங்க மேடம்" என்பான். நாங்களும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம். பழத்தை முகர்ந்து பார், ஜன்னலோரம் உட்கார், வெறும் வயிற்றில் ஏறாதே, வயிறு முட்டத் தின்றுவிட்டும் ஏறாதே. நான் இஞ்சி மிட்டாய் கொடுத்தேன். அவன் அம்மா மதியச் சாப்பாட்டுக்கே எலுமிச்சஞ்சோறு கட்டிக் கொடுத்தார். ஊர் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டான். எதுவும் கேட்கவில்லை.

மலையில் வேலை பார்க்கிற நமக்கு மட்டும் வருகிற கண்கட்டு இது. சமவெளியில் ஒரு பையன் காலையில் சாப்பிடாமல், முகம் வெளுத்து, வேர்த்து, நெஞ்சு படபடக்க வந்து நின்றால் என்ன ஏது என்று யாராவது விசாரிப்பார்கள். நமக்கு விசாரிக்கவே தோன்றாது. கேள்விக்கு முன்னாலேயே பதில் ரோட்டில் வளைந்து வளைந்து கிடக்கிறது.

ஒரு சாயங்காலம் நான் வழக்கமான பஸ்ஸில் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். காலையில் நான் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவேன், மாணவர்கள் அடுத்ததில் வருவார்கள். திரும்பும்போது எல்லோரும் ஒரே பஸ்தான். பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம். திரும்பிப் பார்த்தால், கடைசி சீட்டில், தூக்கித் தூக்கிப் போடுகிற அந்த இடத்தில், கவின் மிக்சர் பொட்டலத்தைப் பிரித்து வைத்துத் தின்றுகொண்டிருந்தான். பஸ் வளைவில் சாய, இவனும் நண்பன் மேல் சாய்ந்து சிரிக்கிறான். இந்த ரோட்டில் பலருக்கும் ஏற்றத்தைவிட இறக்கம்தான் மோசம். காலையில் இதே வளைவில் குடலைப் பிரட்டி எடுத்தவனுக்குச் சாயங்காலம் மிக்சர் எப்படி இறங்குகிறது?

இறங்கி ஆட்டோ பிடிக்கும் வரைக்கும் அது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆட்டோவில் உட்கார்ந்த பிறகு வேடிக்கையாக இல்லை. நாளைக்குக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கவின் வரவில்லை. பஸ் மட்டும் வந்தது.

பி.டி. சார் மேலே செம்மேடு பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு வந்தவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பையன் வழியில் ஒரு வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தானாம். "நீங்க போங்கண்ணா, நான் அடுத்த பஸ்ல வாரேன்" என்று சொல்லி இறங்கிக்கொண்டானாம். கண்டக்டர் சொன்னாராம். அது பஸ் நிற்கிற இடமில்லை. வீடு கிடையாது, கடை கிடையாது.

அப்போது ஸ்டாஃப் ரூமில் நடந்ததைக் கவனமாகப் படியுங்கள், நாளைக்கு உங்கள் அறையிலும் இதேதான் நடக்கும். ஒருவர் "அடுத்த பஸ்ல வந்துருவான், எதுக்குப் பதட்டம்?" என்றார். இன்னொருவர் வகுப்பு வாட்சாப் குழுவில் "கவினை யாராவது பார்த்தீர்களா?" என்று தட்டச்சு செய்துகொண்டிருந்தார். முதல்வர் போலீசுக்கா, வீட்டுக்கா, எதை முதலில் சொல்வது என்று கையில் போனை வைத்துக்கொண்டு நின்றார். மூன்று பேரும் நல்லவர்கள். மூன்றும் அந்தப் பையனுக்கு ஆகாதவை. சும்மா இருந்தால் என்ன ஆகுமோ தெரியாது. வாட்சாப்பில் போட்டால் திரும்பி வர நினைத்தாலும் எந்த முகத்தோடு வருவான்? வீட்டுக்கு அரைகுறையாகச் சொன்னால் அந்தத் தாய் தகப்பன் வழி முழுக்கச் செத்துச் செத்துப் பிழைப்பார்கள்.

வாட்சாப் போடுகிறவரின் கையிலிருந்து போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தேன். முதல்வரிடம், "நான் போய்ப் பார்த்துடறேன் சார். அந்த இடத்துல அவன் இல்லைன்னா உடனே ஆள் அனுப்பறேன், அப்ப எல்லாருக்கும் சொல்லிடுங்க" என்றேன். பி.டி. சாரின் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். எனக்குப் பைக் என்றாலே பயம். அன்றைக்கு அந்தப் பயத்துக்கு நேரமில்லை. பையனுக்கு என்ன ஆனதோ என்கிற பயம் இருந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். இத்தனை வருட அனுபவம் பயத்தைக் குறைக்காது. பயத்தோடேயே அடுத்த வேலையைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும், அவ்வளவுதான்.

வளைவில், பாறைப் பக்கமாக, ஊற்றுத் தண்ணீர் கசிகிற இடத்தில் அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். பி.டி. சாரைக் கொஞ்சம் தள்ளி, அவன் கண்ணில் படும் தூரத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன்.

அவன் எழுந்து நின்றான். வணக்கமும் வைத்தான். "டிபன் பாக்ஸைக் குரங்கு தூக்கிட்டுப் போயிருச்சுங்க மேடம்."

"திறந்து பார்த்துச்சா?"

"பாத்துச்சுங்க. எலுமிச்சஞ்சோறுன்னு தெரிஞ்சதும் கொட்டிட்டுப் போயிருச்சு."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவன் முகம் அப்படியே உடைந்து போனது. அவன் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன்.

இந்தப் பொறுப்பு வந்த புதிதில் மாவட்ட மருத்துவமனையில் ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு மனநல மருத்துவர், பேச்சில் சர்க்கரை தடவத் தெரியாத அம்மா, எங்களைப் பார்த்துச் சொன்னார்: "சாக நினைக்கிறாயான்னு கேட்டா அந்த எண்ணம் புதுசா வந்துடும்னு பயப்படறீங்க. வராது. அந்த எண்ணம் இருக்கறவனுக்குச் சொல்ல ஒரு வழி கிடைக்கும். இல்லாதவன் இல்லைன்னு சொல்லிட்டுப் போவான். வாயைத் திறந்து கேளுங்க." அதைக் கேட்டபோது தலையாட்டினேன். அந்தக் கல்லில் உட்கார்ந்து கேட்கும்போதுதான் அது எவ்வளவு கனமான கேள்வி என்று தெரிந்தது.

"கண்ணு, செத்துப் போயிடலாம்னு ஏதாவது நெனப்பு வருதா?"

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று முக்கிக்கொண்டு எங்களைத் தாண்டி இறங்கியது. சத்தம் அடங்கிய பிறகு சொன்னான். "சாவோணும்னு இல்லீங்க மேடம். மேல வர முடியலீங்க. கீழயும் போவ முடியலீங்க. இங்கயே, யாரும் பாக்காம இருந்துரலாம்னு தோணுதுங்க. சில நாளு அப்படியே இல்லாமப் போயிட்டாத் தேவலைன்னும் தோணும்."

கடைசி வரியை நான் காதில் விழாதது போலக் கடக்கவில்லை. "எப்பெல்லாம்?" என்று கேட்டேன். "காலைல பஸ் ஏறும்போதுங்க" என்றான்.

"சாயங்காலம்?"

"சாயங்காலம் இல்லீங்க. இன்னிக்கு முடிஞ்சிருச்சுன்னு இருக்கும்."

பிறகு கொட்டித் தீர்த்தான். வகுப்பில் ஒன்றும் புரியவில்லை. பள்ளியில் தமிழில் படித்ததெல்லாம் இங்கே ஆங்கில உடுப்பு மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. எழுந்து கேட்கலாம், ஆனால் முதல் மதிப்பெண் எடுத்தவன் எழுந்து என்னவென்று கேட்பான்? முதல் தேர்வில் எழுத எதுவும் இல்லாமல் பேனாவைத் திறந்து திறந்து மூடியிருக்கிறான். இதையெல்லாம் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் காரவள்ளி பஸ் ஸ்டாப்பில் ஒரு பிளக்ஸ் இருந்தது.

அந்த பிளக்ஸை நானும்தான் தினமும் பார்த்திருக்கிறேன். அப்பாவோடு வேலை செய்கிற சென்ட்ரிங் ஆட்கள் ஆசையாக வைத்தது. "வருங்கால விஞ்ஞானியே வருக" என்று மேலே பெரிய எழுத்து, கீழே வாழ்த்துகிறவர்களின் முகங்கள் வரிசையாக, நடுவில் கோட்டும் டையும் போட்ட கவின். ஸ்டுடியோக்காரர் யாருடைய உடம்பிலோ இவன் தலையை ஒட்டியிருந்தார். தினமும் காலையில் அவன் அந்தப் படத்துக்கு அடியில் நின்றுதான் பஸ் ஏற வேண்டும். டீக்கடையில் "விஞ்ஞானி கெளம்பிட்டாருடோய்" என்பார்கள், அன்பாகத்தான்.

"அந்தக் கோட்டு என்னுது இல்லீங்க மேடம்" என்றான். அப்போதுதான் விம்மி அழுதான்.

நான் அவனுக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. உன்னால் முடியும், நீ கெட்டிக்காரன், உன்னை நம்பி எத்தனை பேர் என்றெல்லாம் தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். அது இன்னொரு பிளக்ஸ் வைப்பதுதான். அழுது முடிக்கட்டும் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

முடித்ததும் அவன் கேட்டது நான் எதிர்பார்த்ததுதான். "அப்பாகிட்டச் சொல்லிராதீங்க மேடம்."

சரி என்று சொல்லிவிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? அந்த நேரத்தில் பையன் நம்மை நம்ப வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் நிற்காது. ஆனால் இல்லாமல் போய்விட்டால் தேவலை என்று ஒரு பிள்ளை சொன்ன பிறகு, அது நம் இருவருக்குள் மட்டும் இருக்கட்டும் என்று வாக்குக் கொடுக்க நமக்கு உரிமையில்லை. "சொல்லத்தான் போறேன்" என்றேன். "ஆனா உனக்குத் தெரியாம ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். என்ன சொல்லணும்னு நீயே சொல்லு. டாக்டர் ஒருத்தரையும் பார்க்கப் போறோம். அதுக்கும் நான் கூட வருவேன்."

அவனுக்குக் கோபம் வந்தது. திரும்பி உட்கார்ந்துகொண்டான். நான் எழுந்து போகவில்லை என்பதை மட்டும் அவ்வப்போது ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டான். கடைசியில் என் பக்கம் திரும்பிச் சொன்னான். "நான் நல்லா இருக்கேன், மேடம் கூட இருக்கேன்னு மொதல்ல சொல்லச் சொல்லுங்க. அப்புறம் வரச் சொல்லுங்க. மீதிய நான் சொல்லிக்கறேன்."

அங்கே போனில் சிக்னல் இல்லை. பி.டி. சார் சிக்னல் கிடைக்கிற இடத்துக்குப் போய், வீட்டுக்கு அந்த வார்த்தைகளை அப்படியே சொல்லிவிட்டு, முதல்வருக்கும் தகவல் தந்துவிட்டுத் திரும்பினார்.

மேலே போகிற அடுத்த பஸ்ஸில் கவினின் அப்பா வந்தார். வேலை பார்த்த இடத்திலிருந்து அப்படியே வந்திருந்தார், சட்டையெல்லாம் சிமெண்ட். பஸ் முழுதாக நிற்பதற்குள் குதித்து இறங்கியவர், எங்களை நோக்கி நான்கு எட்டு வைத்ததும் ரோட்டோரம் குனிந்து வாந்தி எடுக்கத் தொடங்கிவிட்டார். கவின் ஓடிப்போய் அவர் நெற்றியை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டான். இன்னொரு கை அவர் முதுகில். ஊற்றுத் தண்ணீரை அள்ளி வந்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டதும் அவன்தான். பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தான்.

"பஸ்ல ஏன்ப்பா வந்தீங்க? உங்க வண்டி என்னாச்சு?"

"கை நடுங்குச்சு சாமி. வண்டியப் புடிக்க முடியல."

அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. கொஞ்சம் தெளிந்ததும் என்னைப் பார்த்தார். "ஏனுங்க மேடம், பையன் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டானுங்களா?"

கவினைப் பார்த்தேன். நானே சொல்லிவிடாமல் இருப்பது அன்று நான் செய்த வேலைகளிலேயே கடினமானது. அவன் அப்பாவின் தோளில் வைத்த கையை எடுக்காமலே சொன்னான். "எனக்குக் காலேஜுல ஒண்ணுமே புரியலப்பா. நெம்ப பயமா இருக்குது."

அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் இப்போது என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். திட்டினால் குறுக்கே போக வேண்டும், அழுதால் இவன் தன்னைத்தான் நொந்துகொள்வான். இரண்டும் நடக்கவில்லை.

"அந்த பிளக்ஸக் கழட்டிரட்டுமா சாமி?" என்றார்.

எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தினமும் காலையில் அங்கே நின்று பையனை பஸ் ஏற்றிவிட்டவர் அவர்தான். ஏதோ பார்த்திருக்கிறார், கேட்கத் தெரியாமல் இருந்திருக்கிறார். கவின் தலையாட்டினான். "ஊருல கேப்பாங்களேப்பா" என்றான்.

"கேக்கட்டும். ஆட்டுக்கொட்டாய் ஒழுவுதுன்னு உங்கம்மா எந்நேரமும் பொலம்பறா. போத்தறதுக்கு ஆச்சு."

அன்றைக்கு அவனை நான் மேலே கூட்டிப்போகவில்லை. வகுப்பு, வருகைப்பதிவு எல்லாம் எங்கேயும் ஓடிவிடாது. கீழே போகிற பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி மூவரும் ஏறினோம். அந்த மருத்துவர் அம்மாவிடமே போனோம்.

இதற்குப் பிறகு எல்லாம் சுபம் என்று எழுதினால் நீங்கள் நம்பக் கூடாது. கொஞ்ச காலம் மாத்திரை இருந்தது, வாராவாரம் பேச்சு இருந்தது. இயற்பியல் துறையில் மதிய இடைவேளையில் தமிழில் விளக்கிச் சொல்ல ஒருவர் முன்வந்தார். போய்ப் பார்த்தால் வகுப்பில் பாதிப் பேர் அங்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். கவினுக்கு அந்த செமஸ்டரில் அரியர் விழுந்தது. தேர்வு சமயத்தில் மறுபடியும் வாந்தி வந்தது. ஆனால் இந்தத் தடவை அவனே வந்து, "வளைவு இல்லீங்க மேடம், இது மத்தது" என்றான். மனவலிமை என்று நாம் மேடை போட்டுப் பேசுவதில் நான் கண்ணால் பார்த்தது அவ்வளவுதான். மத்தது வரும்போது இது மத்தது என்று ஒருவரிடம் வந்து சொல்ல முடிவது. பாறையெல்லாம் வேண்டாம்.

அதற்குப் பிறகு வளைவு சுத்துகிறது என்று எந்தப் புதுப் பிள்ளை சொன்னாலும் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்பேன். இறங்கும்போது எப்படி இருக்கிறது? பெரும்பாலும், "அய்யோ, அது இன்னும் மோசமுங்க மேடம்" என்று வரும். நிம்மதியாக இஞ்சி மிட்டாய் கொடுத்து அனுப்பிவிடுவேன். அபூர்வமாக ஒரு பிள்ளை பதில் சொல்லாமல் தரையைப் பார்க்கும். அப்போது கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட வேண்டும்.

என் பணி நிறைவு விழா அன்று மதியத்துக்கு முன் வந்தால் போதும் என்றிருந்தார்கள். அதனால் முதல் பஸ்ஸை விட்டுவிட்டு மாணவர்கள் வரும் பஸ்ஸில் ஏறினேன். காரவள்ளி பஸ் ஸ்டாப்பில் இப்போது வேறு யாரோ ஒரு மணமக்களின் பிளக்ஸ். கூட்டத்தோடு கவினும் ஏறினான். மூன்றாம் வருடம், கொஞ்சம் சதை போட்டிருந்தான், மீசை வந்திருந்தது. கடைசி சீட்டுக்குப் போகிறவன் என்னைப் பார்த்து வணக்கம் வைத்துவிட்டுப் போனான்.

முதல் வளைவிலேயே எனக்கு வயிறு புரட்டியது. எத்தனையோ வருடங்களாக இந்த ரோட்டில் தூங்கிக்கொண்டே போய் வந்தவள் நான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கண்ணைத் திறந்தால் கவின், கையில் எலுமிச்சம்பழம்.

"இன்னும் வச்சிருக்கியா?"

"அம்மா விட மாட்டேங்கறாங்க மேடம்."

பழத்தை வாங்கி முகர்ந்தேன். அவன் என் கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். அடுத்த வளைவு தாண்டியதும் மெதுவாகக் கேட்டான்.

"இறங்கும்போது எப்படிங்க மேடம் இருக்கும்?"

கிண்டலா என்று பார்த்தேன். இல்லை. நாளைக்குக் காலையில் எனக்கு பஸ் கிடையாது, ஸ்டாஃப் ரூமில் என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார், என்னிடம் வந்து எதையும் சொல்ல எந்தப் பிள்ளையும் இருக்காது. சால்வையும் மாலையும் போட்டு இதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறார்கள். வீட்டில் யாரிடமும் நான் இதைச் சொல்லியிருக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

"இது வளைவு இல்ல கண்ணு" என்றேன்.

அவன் எனக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. செம்மேடு வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். இறங்கும்போது கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, "சாயங்காலம் நானும் கூட வாரேனுங்க மேடம்" என்றான்.